எட்டு மீட்டரில் நிறுத்திய கம்பம்: வேதாரண்யம் கரையில் ஒரு ஹாம் ரேடியோ ஒத்திகை

வெளியூரில் போய் நிலையம் போடும் ஹாம்கள், அதாவது உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுகிறவர்கள், இறங்கியதும் அண்ணாந்து பார்ப்பது மரத்தைத்தான். நூலில் சிறு எடையைக் கட்டிக் கிளைக்கு மேலே வீசுவார்கள். நூலைப் பிடித்துக் கயிறு ஏறும், கயிற்றைப் பிடித்து ஆன்டெனா ஏறும். டெல்டா கடற்கரையில் தென்னைக்குப் பஞ்சமில்லை என்பதால் இங்கே கம்பம் எதற்கு என்று கேட்டவர்கள் ஒரு காலத்தில் அதிகம்.

2018 நவம்பர் 16 அதிகாலை அந்தக் கேள்வியை முடித்து வைத்தது. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையேறியபோது காற்று மணிக்கு 120 கி.மீ. வரை போனது. வேதாரண்யம், பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களில் லட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்தன. மின்கம்பங்கள் வரிசையாக விழுந்து கிடந்தன, கைபேசித் தொடர்பு அறுந்தது, பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் வரவில்லை. ஹாம் ரேடியோ எந்த நாளுக்காக இருக்கிறதோ அந்த நாளில் ஆன்டெனா கட்ட மரம் இருக்காது என்பது அன்றைக்குத் தெரிந்தது. இருக்கிற கட்டடமும் உறுதியாக இருக்குமா என்று சொல்ல முடியாது.

இந்தக் கட்டுரை பேசுவது புயல் நாளைப் பற்றி அல்ல. புயலை மனதில் வைத்து வேதாரண்யத்துக்குத் தெற்கே கடலோரம் நண்பர்கள் சிலர் சேர்ந்து செய்த ஓர் இரவு ஒத்திகையைப் பற்றி. மரம், கட்டடம், மின் இணைப்பு எதையும் தொடக் கூடாது என்பது விதி. ஒரு காரின் பின்பக்கத்தில் அடங்கும் பொருள்களை வைத்துச் சென்னை, மதுரை, திருநெல்வேலி, கோயம்புத்தூர் நிலையங்களோடு இரவு முழுக்கத் தொடர்பில் இருக்க வேண்டும். ஆன்டெனாவைத் தூக்கிப் பிடிக்க ஒரே ஒரு நீளும் கண்ணாடியிழைக் கம்பம். முழுதாக நீட்டினால் 12 மீட்டர், மடக்கினால் ஒரு மீட்டரைவிடச் சற்று அதிகம், எடை மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் கூட. ஒரே ஆள் தோளில் போட்டுக்கொண்டு நடக்கலாம்.

பன்னிரண்டு மீட்டர் கம்பத்தைக் கொண்டுபோய் எட்டு மீட்டருக்கு மட்டும் நீட்டினோம். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் கேட்டதும் அதைத்தான், பிறகு ஹாம் நண்பர்கள் கேட்டதும் அதைத்தான். பாக்கியை ஏன் உள்ளேயே விட்டீர்கள்?

உயரத்தின் கணக்கு

வேதாரண்யத்திலிருந்து நேர்கோட்டில் மதுரை சுமார் 200 கி.மீ. சென்னையும் திருநெல்வேலியும் ஏறக்குறைய 300. கோயம்புத்தூர் அதைவிடக் கொஞ்சம் அதிகம். கைக்கருவியில் பேசும் வி.எச்.எஃப். அலை, கேட்டதைத் திருப்பி ஒலிபரப்பும் ரிப்பீட்டர் நிலையம் இல்லாமல் இந்தத் தூரத்துக்குப் போகாது. ரிப்பீட்டருக்கும் கரண்ட் வேண்டும். ஆகவே குறுஅலை. அதிலும் அலைநீளம் 40 மீட்டரை ஒட்டி வரும், ஹாம்கள் 40 மீட்டர் பட்டை என்று சொல்லும் 7 மெகாஹெர்ட்ஸ் பகுதி. நம் மண்டலத்தில் அவசரத் தொடர்புக்கு என்று ஒதுக்கிப் பேசும் 7.110 மெகாஹெர்ட்ஸ் இந்தப் பட்டையில்தான் இருக்கிறது.

முந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருப்பவரோடு குறுஅலையில் பேச, அலையை ஏறக்குறைய தலைக்கு மேலே அனுப்ப வேண்டும். வானில் உயரே இருந்து குறுஅலையைத் திருப்பி அனுப்பும் அயனி மண்டலத்தின் எஃப்2 அடுக்கு சுமார் 300 கி.மீ. உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டால், அங்கே மோதிச் சென்னையில் இறங்கும் அலை நம் ஆன்டெனாவை விட்டுக் கிளம்பும் கோணம் 60 டிகிரிக்கு மேல். மதுரைக்கு இன்னும் செங்குத்து. தொலைதூர நாடுகளைப் பிடிக்கும் ஹாம்கள் உயரம் உயரம் என்று அலைவது அடிவானத்தை ஒட்டிய தாழ்ந்த கோணத்துக்காக. நமக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர்.

7.1 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 42 மீட்டர். கிடையாகக் கட்டிய டைபோல், அதாவது நடுவிலிருந்து இருபுறமும் கம்பி நீளும் ஆன்டெனா, 12 மீட்டரில் இருந்தால் அது அலைநீளத்தில் 0.28 பங்கு உயரம், 8 மீட்டரில் 0.19 பங்கு. 60 டிகிரிக்கு மேற்பட்ட கோணத்தில் இந்த இரண்டுக்கும் சிக்னல் வலுவில் உள்ள வித்தியாசம் ஒரு டெசிபலுக்குள் அடங்கிவிடும். வரும் சிக்னலின் வலுவைக் காட்டும் எஸ்-மீட்டரில் ஒரு எஸ் என்பது 6 டெசிபல் என்று நினைவில் வைத்தால், மேலே உள்ள நான்கு மீட்டரால் சென்னைக்காரர் காதில் எதுவும் மாறப்போவதில்லை. உயரம் அலைநீளத்தில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கினால்தான் மண் சக்தியைத் தின்னத் தொடங்கும்.

காற்றின் கணக்கில் அந்த நான்கு மீட்டர் பெரிய விஷயம். கம்பம் அடியில் ஐந்தரை செ.மீ. தடிமன், நுனியில் ஒரு செ.மீ.கூட இல்லை. மணிக்கு 72 கி.மீ. காற்று அடித்தால் முழுக் கம்பத்தின் மேல் ஏறக்குறைய 10 கிலோ எடைக்குச் சமமான தள்ளல் விழும். எட்டு மீட்டரில் நிறுத்தினால் தள்ளல் கொஞ்சம்தான் குறைகிறது, ஆனால் அடிப்பகுதியை வளைக்கும் விசை மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துவிடும். மெலிந்த நுனித் துண்டுகள் உள்ளேயே இருப்பது அடுத்த லாபம். அவற்றின் உச்சியில், ரேடியோவிலிருந்து ஆன்டெனாவுக்குப் போகும் கேபிளைத் தொங்கவிட்டால் கம்பம் தூண்டில்போல வளையும். ஆர்ஜி-58 கேபிள் மீட்டருக்குச் சுமார் 40 கிராம், பத்து மீட்டருக்கு நானூறு கிராம்தான். தடித்த ஆர்ஜி-213 என்றால் ஒன்றரை கிலோ ஆகிவிடும். 7 மெகாஹெர்ட்ஸில் இருபது மீட்டர் ஆர்ஜி-58 தின்பது ஒரு டெசிபலுக்கும் குறைவு. குறுஅலையில் கள நிலையத்துக்கு 213-ஐச் சுமந்து வருவது, என்னைக் கேட்டால், வீண் வேலை.

நிறுத்திய விதம்

கடலோர மணலும் உப்பளச் சேறும் மாறி மாறி வரும் நிலம் அது. தை மாதம். மழை விட்டிருந்தது, வாடைக்காற்று விடவில்லை.

ஆன்டெனா தலைகீழ் வி வடிவம். நடுப்பகுதி கம்ப உச்சியில், இரண்டு கைகளும் ஆளுக்கொரு பக்கம் சரிந்து இறங்கும். ஒவ்வொரு கையும் பத்து மீட்டர். உச்சி எட்டு மீட்டர் என்றால் கைகளைச் செங்குத்தாகத் தொங்கவிடக் கூடாது. இடைக்கோணம் 90 டிகிரி ஆனால் முனைகள் தரையிலிருந்து ஒரு மீட்டரில் வந்து நிற்கும். ஒலிபரப்பும்போது கம்பியின் முனையில்தான் மின்னழுத்தம் மிக அதிகம், கை பட்டால் சுடும். 120 டிகிரிக்கு விரித்தால் முனைகள் மூன்று மீட்டர் உயரத்தில் நிற்கும், நடந்து போகிறவர் தலைக்கு மேல். அதற்கு நடுவிலிருந்து இருபுறமும் ஒன்பது மீட்டரோடு, முனையைக் கட்டும் கயிற்றுக்கும் இடம் வேண்டும்.

கம்பத்தை ஏற்றும் முறை எளிது, ஆனால் வரிசை முக்கியம். மடக்கிய நிலையில் செங்குத்தாக நிறுத்தி, உள்ளே இருக்கும் மெல்லிய துண்டிலிருந்து ஒவ்வொன்றாக மேலே இழுக்க வேண்டும். இழுத்தால் மட்டும் போதாது. இழுத்த இழுப்பிலேயே ஒரு திருகுத் திருக வேண்டும். ஒவ்வொரு துண்டும் அடியில் பருத்து மேலே சிறுத்திருக்கும். வெளித்துண்டின் வாயில் உள்துண்டின் அடி இறுகுவதுதான் பூட்டு, வேறு திருகாணியோ தாழ்ப்பாளோ கிடையாது. கை நழுவாமல் திருக ரப்பர் பூசிய கையுறை உதவும்.

கம்பத்தை இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கயிறுகள் மூன்று, 120 டிகிரி இடைவெளியில், ஐந்து மீட்டர் உயரத்தில் ஒரு வளையத்தில் கட்டி, கம்பத்திலிருந்து நான்கு மீட்டர் தள்ளி முளைகளில். ஆன்டெனாவின் இரண்டு கைகளும் ஸ்டே போலத்தானே, தனியாக எதற்கு என்று சிலர் விட்டுவிடுவார்கள். அவை ஒரே கோட்டில் இரண்டு பக்கம் மட்டும் பிடிக்கின்றன. காற்று குறுக்கே வந்தால் கம்பத்தைப் பிடிக்க ஒன்றுமில்லை. அன்றைக்கு வாடை குறுக்கேதான் வந்தது.

மணலில் முளை நிற்காது. இரும்பு முளையை எவ்வளவு சாய்த்து அடித்தாலும் கையால் பிடுங்கிவிடலாம். பழைய சிமென்ட் சாக்குகளில் மணலை நிரப்பி, வாயைக் கட்டி, முழங்கால் ஆழக் குழியில் புதைத்து, அதிலிருந்து கயிறு எடுத்தோம். சேற்றுப் பக்கம் இரண்டடிச் சவுக்குக் கட்டையைக் கிடையாகப் புதைத்தது அதைவிட நன்றாகப் பிடித்தது. சவுக்கு இந்தப் பக்கம் எங்கும் கிடைக்கும். இரும்பு முளை மறந்துபோனாலும் ஒத்திகை நிற்காது. கம்பத்தின் அடியில் ஒரு பலகை போட்டோம், இல்லாவிட்டால் மணலுக்குள் மெல்ல இறங்கி ஸ்டேக்கள் தளர்ந்துவிடும். கம்பத்தை நிமிர்த்தி வைத்திருந்தது கஜாவில் முறிந்த ஒரு தென்னையின் இடுப்பளவு அடிமரம். மரத்தைத் தொடக் கூடாது என்ற விதிக்கு இது பொருந்துமா என்று கொஞ்ச நேரம் வாக்குவாதம் நடந்தது. புயலுக்குப் பிறகும் கிடைக்கும் பொருள்தானே என்று அனுமதித்தோம்.

ஊர்க்காரர் ஒருவர், மீன்பிடித் தொழிலில் வயதானவர், எங்கள் கயிற்றை விரலால் நிரடிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, இது நைலானு. பனி விழுந்தா நீண்டு குடுக்கும். ராத்திரி ஒருக்கா எழுந்து இழுத்துக் கட்டிடுங்க."

"பாலியஸ்டர் கயிறும் இருக்கு அண்ணே, அதைப் போடலாமா?"

"அத முன்னாடியே எடுத்திருக்கலாம்ல?"

குறுக்குக் காற்றைத் தாங்கும் கயிறு மட்டும் மாறியது, பொழுது சாய்ந்துவிட்டதால் மற்றவை நைலானாகவே இருந்தன. அவர் சொன்னபடியே பத்து மணிக்குள் அந்த நைலான் இரண்டும் தொய்ந்திருந்தன. நனைந்த நைலான் நீளும் என்பது எங்களில் எல்லோருக்கும் தெரிந்த தகவல்தான். அவருக்கு அது விரல் நுனியில் இருந்தது.

நள்ளிரவில் இறங்கிய துண்டு

நிலையம் அந்தி சாய்ந்ததும் பேசத் தொடங்கியது. நாலு ஊர்களும் கேட்டன. ஒரு கார் பேட்டரி, ஐம்பது வாட், எட்டு மீட்டர் கம்பம். மதுரை பக்கத்து அறையில் பேசுவது மாதிரி.

நள்ளிரவை ஒட்டி எஸ்.டபிள்யூ.ஆர்., அதாவது ஆன்டெனா ஏற்காமல் சக்தி திரும்பி வருவதைக் காட்டும் அளவு, திடீரென்று ஏறியது. வெளியே போய் டார்ச் அடித்தால் கம்பம் நின்றபடியே இருந்தது, ஆனால் குட்டையாக. மேலிருந்து இரண்டாவது துண்டு வெளித்துண்டுக்குள் முழுதாக இறங்கிவிட்டிருந்தது. ஆன்டெனாவின் கைகள் தொய்ந்து, ஒரு முனை ஆள் உயரத்துக்கு வந்திருந்தது.

கண்ணாடியிழைக் கம்பங்களில் இது பரவலாக நடப்பது. இந்த ஒத்திகையில் நாங்கள் குறித்துக்கொண்டவற்றில் அதிகம் உபயோகப்பட்டதும் இதுதான். துண்டை வெளியே எடுத்துப் பார்த்தபோது அடிப்பகுதியில் மெல்லிய மணல் ஒட்டியிருந்தது. மடக்கிய கம்பத்தை மணலில் படுக்க வைத்தபோது வாய்வழியே புகுந்திருக்க வேண்டும். பூட்டு என்பது இரண்டு வழவழப்பான பரப்புகள் முழுச் சுற்றுக்கும் ஒட்டிக்கொள்வது. நடுவில் நாலு மணல் துகள் இருந்தால் இறுகியதுபோலக் கைக்குத் தெரியும், உண்மையில் நாலு புள்ளியில்தான் பிடித்திருக்கும். அதன் மேல் பனி ஈரம். அதன் மேல் வாடை. காற்று கம்பத்தை வளைத்து விடும்போதெல்லாம் இணைப்பு ஒரு நூல் அசையும். கடைசியில் எடை வென்றுவிடும்.

சரிசெய்ய அதிக நேரம் பிடிக்கவில்லை. துண்டுகளை ஈரத்துணியால் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் துடைத்து, மறுபடி திருகி ஏற்றினோம். இந்த முறை ஒவ்வொரு இணைப்பின் மேலும் இன்சுலேஷன் டேப்பை இழுத்து நாலு சுற்று. டேப் துண்டைத் தாங்குவது கொஞ்சம்தான். ஈரமும் மணலும் உள்ளே போகாமல் அடைப்பதே அதன் பெரிய உபகாரம். கீழே தடித்த இணைப்புகளுக்கு ஹோஸ் கிளிப் போட்டோம். வெளித்துண்டின் வாய்க்கு மேலே, உள்துண்டின் மீது, அடியில் ஒரு ரப்பர் பட்டை வைத்து. கிளிப் கீழே இறங்க முடியாது, ஆகவே துண்டும் இறங்காது. ரப்பர் இல்லாமல் இறுக்கினால் கண்ணாடியிழை நெரிந்து விரிசல் விடும். மெல்லிய துண்டுகளுக்குக் கிளிப்பே வேண்டாம்.

முழு 12 மீட்டரும் நீட்டியிருந்தால் இதே துண்டு இன்னும் மெலிந்த துண்டுகளைத் தலையில் சுமந்துகொண்டு இறங்கியிருக்கும். ஒவ்வொன்றும் அடுத்ததை இடித்து, சில சமயம் வாய் பிளந்துபோகும். எட்டு மீட்டரில் இறங்கியதால் சேதம் இல்லை.

விடிந்ததும் கம்பத்தை மடக்கியபோது ஓர் இணைப்பு இதற்கு நேர்மாறாகச் செய்தது, இறுகிக்கொண்டு வர மறுத்தது. சுத்தியலைத் தேடுகிறவர்கள் உண்டு. அடியில் பலகை வைத்து மெதுவாகத் தட்டலாம். அதற்கும் வராவிட்டால் இரண்டு பேர் எதிரெதிராகத் திருகலாம். வெளித்துண்டின் மீது மட்டும் வெந்நீர் ஊற்றினால் அது சற்று விரிந்து விட்டுக்கொடுக்கும். காலை டீக்கு வைத்த வெந்நீர் அதற்குப் போனது. மடக்கும்போது வரிசை தலைகீழ்: அடியில் உள்ள தடித்த துண்டிலிருந்து தொடங்க வேண்டும்.

மின்கம்பியும் இடியும்

இடம் தேர்வு செய்யும்போது முதல் கேள்வி கம்பம் எந்தப் பக்கம் விழுந்தாலும் மின்கம்பியைத் தொடுமா என்பது. கம்ப உயரத்தின் ஒன்றரை மடங்காவது தள்ளி இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். ஆன்டெனாக் கம்பி பறந்தால் எவ்வளவு தூரம் எட்டும் என்பதையும் சேர்த்து. இறால் பண்ணைகளுக்குப் போகும் தாழ்ந்த கம்பிகள் இருட்டில் தெரியாது, ஆகவே பகலிலேயே சுற்றிப் பார்த்தாக வேண்டும். புயலுக்குப் பிறகு தரையில் கிடக்கும் கம்பியில் கரண்ட் இல்லை என்று யாரும் நினைக்கக் கூடாது. எந்த நிமிடமும் திரும்ப வரலாம். கண்ணாடியிழை மின்சாரத்தைக் கடத்தாது என்ற தைரியமும் வேண்டாம், அதோடு இறங்குவது செப்புக் கேபிள். கார்பன் இழையில் செய்த தூண்டில் கம்பு மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குகிறவர்கள், கார்பன் மின்சாரத்தைக் கடத்தும் என்பதைக் கவனிக்க வேண்டும். ஆன்டெனாவைத் தாங்க அது ஆகாது.

இடிச்சத்தம் கேட்டால் இறக்கிவிட வேண்டியதுதான். இதில் பேச்சுக்கு இடமில்லை. தை மாதத்தில் அந்தப் பிரச்சினை வரவில்லை, ஐப்பசியில் வரும்.

பாக்கி நான்கு மீட்டருக்கும் வேலை உண்டு

மறுநாள் பகலில் காற்று அடங்கிய நேரத்தில் கம்பத்தை ஏறக்குறைய முழுசாக நீட்டி, 14 மெகாஹெர்ட்ஸுக்கான சிறிய டைபோலை ஏற்றினோம். கைகள் ஐந்து மீட்டர்தான், எடையும் பாதி. இங்கே கணக்கு வேறு. வேதாரண்யத்திலிருந்து அந்தமானின் போர்ட் பிளேர் (இப்போதைய பெயர் ஸ்ரீ விஜய புரம்) சுமார் 1,400 கி.மீ. அங்கே போகும் அலை 20 டிகிரி அளவில் தாழ்ந்து கிளம்ப வேண்டும். 14 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 21 மீட்டர். எட்டு மீட்டர் உயரத்தில் கிடை டைபோலின் முதன்மை வீச்சு 41 டிகிரியில் நிற்கும், 12 மீட்டரில் 26 டிகிரிக்கு இறங்கும். ஒரே கம்பம், ஒரே காலை, ஆனால் எந்த ஊரோடு பேசுகிறோம் என்பதைப் பொறுத்து உயரம் மாறுகிறது.

போர்ட் பிளேரைக் கணக்கில் எடுத்ததற்குக் காரணம் 2004. அந்த ஆண்டு டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது, ஐதராபாத்தில் உள்ள தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தின் பாரதி பிரசாத்தும் குழுவினரும் ஹாம் நிலையம் நடத்த அங்கே போயிருந்தார்கள். தொலைபேசிகள் அறுந்த அந்தத் தீவுகளிலிருந்து வெளியே செய்தி வந்த வழிகளில் அவர்கள் நிலையமும் ஒன்று. உலகத்து ஹாம்களோடு பேசக் கட்டிய ஆன்டெனாக்கள் பிரதான நிலப்பரப்புக்குச் செய்தி அனுப்பும் வேலைக்கு மாறின.

எங்கள் காலையில் போர்ட் பிளேர் யாரும் கிடைக்கவில்லை, கொல்கத்தா கிடைத்தது. கம்பத்தை எட்டிலிருந்து பன்னிரண்டுக்கு ஏற்றியபோது அவர் லேசாக முன்னேற்றம் தெரிவதாகச் சொன்னார். கணக்குப்படி இரண்டரை டெசிபல். அதற்கு மேல் அவர் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

பின்னிரவு

ஒத்திகையில் உண்மையாகத் தோற்ற இடம் கம்பமே அல்ல. மூன்று மணிக்கு மேல் 7 மெகாஹெர்ட்ஸ் மெல்ல மெல்ல மூடியது. முதலில் மதுரை போனது, பிறகு சென்னை. செங்குத்தாக மேலே போகும் அலையை எஃப்2 அடுக்கு திருப்பி அனுப்ப, அதன் மாறுநிலை அதிர்வெண் (நேர் மேலே வரும் அலைகளில் அது திருப்பி அனுப்பக்கூடிய உச்ச அதிர்வெண்) நம் அதிர்வெண்ணைவிட அதிகமாக இருக்க வேண்டும். விடியலுக்கு முன்னால் அது அன்றாடம் மிகத் தாழ்ந்த அளவுக்கு வருகிறது. பூமியின் காந்த நடுக்கோடு திருநெல்வேலிப் பக்கம் போவதால் தென் தமிழகத்தில் பகலிலும் முன்னிரவிலும் அயனி மண்டலம் தாராளமாக இருக்கும். அந்தத் தாராளத்தை நம்பிப் பின்னிரவை மறந்துவிடுவது எளிது. மிகப் பக்கத்தில் இருக்கும் மதுரை முதலில் போனதற்குக் காரணமும் இதுதான்: அதன் பாதை மற்றவற்றைவிடச் செங்குத்தானது.

அந்த நேரத்துக்கு 3.6 மெகாஹெர்ட்ஸ் வேண்டும். கைகள் ஒவ்வொன்றும் இருபது மீட்டர். அதே எட்டு மீட்டர் உச்சி அலைநீளத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மண் தின்பது அதிகமாகும், என்றாலும் உப்பளத்து ஈரமண் நன்றாகக் கடத்துவதால் வறண்ட செம்மண்ணைவிட இழப்பு குறைவுதான். கேபிளின் நுனியில் 40 மீட்டர் பட்டைக் கைகளோடு இந்த நீளக் கைகளையும் சேர்த்துக் கட்டினால், கம்பத்தைத் தொடாமலே இரவில் பட்டை மாற்றலாம். கூடுதல் கம்பி நூறு கிராமைச் சற்றுத் தாண்டும், கம்பத்துக்கு அது பொருட்டல்ல. பிரச்சினை இடம்: முனையிலிருந்து முனைக்கு நாற்பது மீட்டருக்கு மேல் தடையில்லாமல் வேண்டும், இருட்டில் யாரும் கயிற்றில் தடுக்கிவிழாத இடமாகவும் இருக்க வேண்டும். கடற்கரையில் அது பிரச்சினையே இல்லை. நிவாரண முகாம் நடக்கும் பள்ளி மைதானத்தில், பந்தலுக்கும் தண்ணீர் லாரிக்கும் நடுவே அந்த நாற்பது மீட்டரை எப்படி எடுப்பது என்பதைத்தான் அடுத்த ஒத்திகைக்கு வைத்திருக்கிறோம்.